கதைசொல்லியை நம்பலாமா?

“நான்” என்று ஒருவர் கதை சொல்லத் தொடங்கியதும் நாம் அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். நேரில் கண்டவர் சொல்கிறார், பொய்யாகவா இருக்கும் என்பது நம் எண்ணம். தேர்வு எழுதும்போதும் கதைசொல்லி கூறுவதையெல்லாம் “ஆசிரியர் கூறுகிறார்” என்றே எழுதி வைக்கிறோம். இந்தப் பழக்கத்தை நாம் விட வேண்டும். அதற்கு நேர்மாறான இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும் என்பதே என் கருத்து.

அமெரிக்கத் திறனாய்வாளர் வேய்ன் பூத் 1961-இல் வெளியிட்ட நூலொன்றில் ‘நம்பத்தகாத கதைசொல்லி’ என்று ஒரு வகையினருக்குப் பெயர் சூட்டினார். பெயர்தான் புதிது, ஆள் பழையவர்.

எட்கர் ஆலன் போ 1843-இல் வெளியிட்ட ‘காட்டிக்கொடுத்த இதயம்’ என்னும் சிறுகதையைப் பாருங்கள். கிழவர் ஒருவரைக் கொன்றவனே அதில் கதை சொல்கிறான். அவர்மேல் அவனுக்குப் பகையில்லை, பணத்தாசையும் இல்லை. அவருடைய ஒரு கண்தான் அவனுக்குப் பிடிக்கவில்லையாம்! ஏழு இரவுகள் மெல்லக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, எட்டாம் இரவில் கொன்று, உடலைத் தரைப் பலகைகளின் அடியில் மறைக்கிறான். இத்தனை நிதானமாகச் செய்த நான் பித்தனா என்று நம்மையே கேட்கிறான். அவன் சான்று காட்டக் காட்ட நம் ஐயம் வளர்கிறது. முடிவில், இறந்தவரின் இதயத் துடிப்பு கேட்பதாக அலறி, போலீசாரிடம் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான்.

இவனை நாம் நம்பாதது சரியே. ஆனால் மனம் கலங்கியவர் சொல்வதையெல்லாம் தள்ளிவிடலாமா? அதுதான் நான் கூறிய இரண்டாவது பழக்கம்.

சார்லட் பெர்கின்ஸ் கில்மன் எழுதி 1892-இல் வெளியான ‘மஞ்சள் சுவர்த்தாள்’ கதையில் பேசுபவள், அண்மையில் குழந்தை பெற்று மனச்சோர்வில் வாடும் பெண். கணவரே மருத்துவர். ஓய்வுதான் மருந்து என்று கூறி, ஒரு பெரிய வீட்டின் மாடியறையில் அவளை இருத்துகிறார், எழுதவும் தடை. அவள் ஒளித்து எழுதும் குறிப்புகளே கதை. நாளடைவில், சுவரில் ஒட்டிய தாளின் சித்திரங்களுக்குப் பின்னால் ஒரு பெண் அடைபட்டிருக்கக் காண்கிறாள். இறுதியில் தாளைக் கிழித்தெறிந்து, அந்தப் பெண் தானே என்று எண்ணித் தரையில் தவழ்கிறாள்.

சுவருக்குள் பெண் இல்லை. அவ்வளவில் அவள் சொல் நம்பத்தகாததே. ஆனால் மனத்துக்குப் பிடித்த வேலையும் மாற்றமும் தனக்கு நலம் தரும் என்று தொடக்கத்திலேயே அவள் எழுதினாளே! அது உண்மையன்றோ? அன்பும் தெளிவும் உள்ள கணவர் அல்லவா அங்கே தவறினார்?

இது வெறும் கற்பனையன்று. 1887-இல் கில்மனுக்கே வியர் மிட்செல் என்னும் புகழ்பெற்ற மருத்துவர் ஓய்வுச் சிகிச்சை அளித்து, இனி பேனாவைத் தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அதன்படி நடந்து மூன்றே மாதங்களில் மனம் முறியும் நிலைக்கு வந்ததையும், அறிவுரையை உதறிவிட்டு மீண்டும் எழுதத் தொடங்கித் தேறியதையும் 1913-இல் அவரே விளக்கினார்.

இரண்டு கதைகளிலும் பேசுவோர் மனம் கலங்கியவர்களே. ஒருவன் தன்னை மறைக்கப் பேசி அகப்பட்டுக்கொள்கிறான். மற்றவள் உண்மையைச் சொல்லியும் கேட்பாரின்றிப் போகிறாள். ஆகவே ஆளை மட்டும் எடைபோட்டுப் பயனில்லை. ஒவ்வொரு சொல்லையும் எடைபோட வேண்டும்.

எதையும் ஐயுற்றுப் படித்தால் கதையின் சுவை குன்றாதா என்று நண்பர்கள் கேட்கலாம். குன்றாது, இரண்டாம் முறை படிக்கும்போதுதான் சுவை கூடும். அன்றியும், இது வகுப்பறையோடு முடிகிற பாடமா? விடுதியில் ஒரு நண்பன் கலங்கிப் பேசினால், “அவனுக்கு மனசு சரியில்லை” என்று நகர்ந்துவிடுகிறோம். அவன் பேச்சில் பத்தில் ஒன்பது பிதற்றலாகவே இருக்கட்டும். மீதமுள்ள ஒன்று மெய்யாக இருந்தால்? யார் வாயிலிருந்து வந்தாலும் மெய்ப்பொருளைத் தேடச் சொன்ன வள்ளுவர், கலங்கியவர் வாயை மட்டும் விலக்கி வைக்கவில்லையே!