கோபத்துக்கும் கடன் தவணைக்கும் என்ன சம்பந்தம்?

பி.காம் படிக்கிறவனுக்கு மூளையைப் பற்றி எழுத என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான் :) போன மாதம் வகுப்பில் சேமிப்பு பற்றிப் பேச்சு வந்தது. "ஏழைக்குக் கையில் காசு தங்காது, மனக்கட்டுப்பாடு கிடையாது" என்று ஒருவன் சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். பஸ்ஸில் வரும்போதுதான் உறுத்தியது... அந்தக் கணக்கில் எங்கப்பாவும் வருகிறாரே!

2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, ஆலங்குடிப் பக்கம் எங்கள் தென்னை எல்லாம் ஒரே ராத்திரியில் சாய்ந்தது. அதன் பிறகு அம்மா குழுவில் கடன் வாங்கினார். வாரத் தவணை, செவ்வாய்க்கிழமை. ஞாயிறு சாயங்காலமே வீட்டில் யாரும் சத்தமாகப் பேசமாட்டோம். குழம்பில் உப்பு குறைந்ததற்காக அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போயிருக்கிறார். அதே மனுஷன் புதன்கிழமை பரோட்டா வாங்கிக்கொண்டு வருவார். "இவருக்குக் கோபத்தை அடக்கவே தெரியாது" என்றுதான் அப்போது நினைத்தேன்.

கோபத்தை அடக்குவதில் மூளைக்கு என்ன பங்கு என்ற ஆராய்ச்சி பழசு. 1848ல் அமெரிக்காவில் ஃபினியாஸ் கேஜ் என்ற ரயில்பாதை மேஸ்திரியின் மண்டையில் இரும்புக் கம்பி ஒன்று பாய்ந்து வெளியே வந்தது. ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் நிதானமானவர், வாய்க்கு வந்தபடி பேசுகிறவராகிவிட்டார் என்று அவருடைய டாக்டர் எழுதி வைத்தார். அடிபட்டது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளை. உணர்ச்சிக்குக் கடிவாளம் போடுவதில் அந்தப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு என்று இன்று தெரியும்.

சரி, அடிபடாத மூளையில் கடிவாளம் ஏன் நழுவுகிறது? இதற்கு நான் படித்ததிலேயே நல்ல பதில் நம் ஊரிலிருந்துதான் வந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளைச் சோதித்து, 2013ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். கரும்புக்கு வருஷத்தில் ஒருமுறைதான் பணம். வெட்டுக்கு முன் கை காய்ந்திருக்கும், நூற்றுக்கு 78 பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். வெட்டு முடிந்த பின் அது வெறும் 4. ஒரு சோதனையில் "5 5 5" என்று காட்டுவார்கள். எத்தனை எண்கள் இருக்கின்றன என்று சொல்ல வேண்டும். வாயில் ஐந்து என்றுதான் வரும், அதை அடக்கி மூன்று என்று சொல்ல வேண்டும். அதே விவசாயி, அறுவடைக்கு முன் தடுமாறினார், நேரமும் அதிகம் எடுத்தார். பணம் வந்த பிறகு நன்றாகச் செய்தார். ஆள் மாறவில்லை, பை மாறியது!

இந்த முடிவை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. 2016ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் சில நாளில் வரப்போகும் சம்பளமும், வருஷம் முழுக்கக் காத்திருக்கும் கரும்புப் பணமும் ஒன்றா, சொல்லுங்கள்?

இன்னொரு விஷயம். மிட்டாயை உடனே தின்னாமல் காத்திருக்கும் குழந்தை பிற்காலத்தில் ஜெயிக்கும் என்று தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் விடாமல் சொல்வார்களே, அந்தச் சோதனையை 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தகவலை வைத்து 2018ல் மறுபடி பார்த்தார்கள். குடும்பப் பின்னணியையும் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு பெருமளவு கரைந்துவிட்டது. வீட்டில் டப்பா நிறைய மிட்டாய் இருக்கிற பிள்ளை காத்திருப்பதில் என்ன அதிசயம்?

கரும்பு ஆய்வில் யாருடைய மூளையையும் படமெடுக்கவில்லை. அங்கேதான் ஒரு பி.எச்டி. காத்திருக்கிறது என்பேன். உணர்ச்சியும் சுயகட்டுப்பாடும் மூளையில் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராயப் போகிற அண்ணன்மாரே, அக்காமாரே, ஏ.சி. அறையில் கல்லூரி மாணவர்களை உட்காரவைத்து அளப்பது போதும். தலையில் தொப்பி போல மாட்டும் ஈ.ஈ.ஜி. கருவியை எங்கள் ஊருக்கு எடுத்து வாருங்கள். தவணைக்கு முதல் நாள் ஒருமுறை, மறுநாள் ஒருமுறை அளந்து பாருங்கள்.

அப்பாவிடம் இந்தக் கரும்புக் கதையைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "இதுக்கு எதுக்குடா விழுப்புரம் வரைக்கும் போனாங்க? ஒங்கம்மாவக் கேட்டா சொல்லியிருப்பாளே" என்றார்.