ஜன்னலில் நின்றது யார்?

2023-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் என் பெண்ணின் பிரசவத்துக்காக அமெரிக்காவில் கொலராடோவுக்குப் போயிருந்தேன். பத்தியச் சமையல், குழந்தைக் குளியல், துணி மடிப்பு என்று ஆறு வாரம் ஓடிய பிறகுதான், கொல்லையில் ஒரு தோட்டம் இருப்பதே கண்ணில் பட்டது. வேலியோரமாகக் கொத்தமல்லியைப் பெரிசு பண்ணினாற்போல் இலைகள். அதற்கு மேலே மெல்லிசான காம்புகளில் நீலமும் வெள்ளையுமாகப் பூக்கள்.

கொலம்பைன் என்று பெயராம். லத்தீனில் புறாவைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்தது. பூவைக் கவிழ்த்துப் பார்த்தால் ஐந்து புறாக்கள் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு ரகசியம் பேசுகிற மாதிரிதான் இருக்கிறது! 1899-லிருந்து அந்த மாநிலத்தின் பூ அதுதான். பொது நிலத்தில் செடியைப் பிடுங்கக் கூடாது, ஒரு நாளைக்கு 25 பூவுக்கு மேல் பறிக்கக் கூடாது என்று 1925-ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். "நம்ம வீட்டுத் தோட்டத்துக்கு அந்தச் சட்டம் கிடையாது அத்தை, தைரியமா பறிங்க" என்றார் மாப்பிள்ளை. எனக்கு மனசு வரவில்லை. மாயவரத்தில் இருக்கும் என் மாமியார் வேறு, "அங்கே என்ன பூ பூக்குது, ஒரு படம் அனுப்பேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சரி, படமே எடுப்போம் என்று செல்போனோடு இறங்கினேன்.

முதல் நாள் எடுத்தது ஒன்றும் தேறவில்லை. உச்சி வெயிலில் வெள்ளை இதழெல்லாம் சுண்ணாம்பு அப்பினாற்போல் வெளுத்துவிட்டது. காலை ஏழு மணிக்கு முன்னால், அல்லது மேகம் மூடியிருக்கும்போது எடுத்தால் நிறம் நன்றாக வருகிறது. திரையில் பூவின் மேல் விரலை வைத்துவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். ரொம்பக் கிட்டே போனால் கலங்கிப் போகும். ஒரு முழம் தள்ளி எடுத்துவிட்டுப் பிறகு வேண்டியதை வெட்டிக்கொள்ளலாம். சிறு காற்றுக்கும் காம்பு ஆடுகிறது. அதற்கு நான் ஓர் அட்டைப்பெட்டியைப் பக்கத்தில் மறைப்பாக வைத்தேன்.

நீலப் பூ முகத்தை நிமிர்த்திப் பார்க்கும். அதன் அழகே பின்பக்கம் நீளும் ஐந்து வால்களில்தான். ஆகவே பக்கவாட்டில் எடுக்க வேண்டும். அந்த வால்களின் நுனியில்தான் தேன் இருக்கிறது. அவ்வளவு ஆழம் எட்டுகிற நீளக் குழல் கொண்ட ஒரு வகை அந்துப்பூச்சி, பொழுது சாய்ந்த பிறகு வருகிறது. இன்னொரு ஜாதி, சிவப்பும் மஞ்சளுமாகத் தலை கவிழ்ந்து தொங்கும். அதற்கு ஹம்மிங் பறவைதான் விருந்தாளி. தொங்கும் பூவைப் படம் பிடிக்க மண்டி போட்டாக வேண்டும். போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரைக்கிட்டே போய்விடும். கீழே ஒரு வெள்ளைத் தாளைப் போட்டால் பூவுக்குள்ளே வெளிச்சம் பாயும். (என் முழங்கால் பட்ட பாட்டைக் கேட்காதீர்கள்!)

ஐந்தாறு படம் நன்றாக அமைந்தது. பெருமையாக மாயவரத்துக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"பூ இருக்கட்டும். பின்னால ஜன்னல்ல நிக்கிறது யாரு? நம்ம பொண்ணா? ஏன் அழறா?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சமையலறை ஜன்னலில் என் பெண்தான். கன்னம் நனைந்திருந்தது. அன்று மட்டும் இல்லை, முதல் நாள் எடுத்த படத்திலும் அதே ஜன்னல், அதே முகம். நான் பூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து, "என்னடா கண்ணு?" என்றேன். "தெரியலைம்மா. குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரலை. அவனைத் தூக்கவே பயமா இருக்கு" என்றாள்.

பிரசவமான சில நாட்களில் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தால், தூக்கமோ பசியோ இல்லாமல், குழந்தையிடம் ஒட்டுதல் வராமல் இருந்தால், அது திருஷ்டியும் இல்லை, சோம்பலும் இல்லை. மருத்துவரிடம் சொல்ல வேண்டிய நோய். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. இதற்கென்றே 1987-ல் வெளியான எடின்பரோ கேள்வித்தாள் இருக்கிறது, மொத்தம் பத்தே கேள்வி. என் பெண்ணிடம் முன்பே அதைக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் 'நன்றாக இருக்கிறேன்' என்றே குறித்துக் கொடுத்திருக்கிறாள்! இந்தத் தடவை உண்மையை எழுதினாள். பேச்சு ஆலோசனையோடு, தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்தும் பார்த்துத் தந்தார் டாக்டர். ராத்திரியில் ஒரு வேளைப் பாலைப் புட்டியில் கொடுக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். சேர்ந்தாற்போல் ஐந்து மணி நேரம் அவள் தூங்கட்டும் என்றுதான்.

பத்து நாளில் மாறிவிடவில்லை. ஏழெட்டு வாரம் ஆயிற்று.

நடுவில் ஜூன் மாதம் ஒரு சாயங்காலம் ஆலங்கட்டி மழை கொட்டி, தோட்டத்தையே நாசம் பண்ணிவிட்டது. மறுநாள் காலை அவளே என்னை எழுப்பினாள். "வேலி மூலையில ஒண்ணு தப்பிச்சிருக்கும்மா, வா" என்றாள். நான் மண்டி போட்டேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெள்ளைத் தாளை அவள் பிடித்தாள். மாயவரத்திலிருந்து அன்றைக்கும் போன் வந்தது. இந்தப் படத்தில் பூ கொஞ்சம் கலங்கலாக இருக்கிறதாம்.