இணையத்தில் வரும் வாசகர்

அண்மையில் ஒரு பல்கலைக்கழக நூலகத்திற்குச் சென்றிருந்தேன். நான் படித்த நாளில் தமிழ் நூல்கள் நிறைந்திருந்த கூடத்தில் இப்போது கணிப்பொறிகள். "புத்தகமெல்லாம் மாடியில் பூட்டியிருக்கிறது சார். எழுதிக் கொடுத்தால் நாளைக்கு எடுத்துத் தருகிறோம். இப்போதுதான் எல்லாம் ஆன்லைனில் இருக்கிறதே!" என்றார் உதவியாளர்.

'எல்லாம்' என்ற அந்தச் சொல்தான் என்னை உறுத்தியது.

இணைய வாசகருக்கேற்ப நூலகம் மாறவேண்டும் என்பதில் எனக்கு இருவேறு கருத்தில்லை. நடுவண் அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 சனவரி முதல் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய்! வேதியியல் மாணவருக்கு இது பெருஞ்செல்வம். ஆனால் தமிழ் நாவலை ஆராயும் மாணவி என்ன செய்வாள்? ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழியும்வரை நம் நாட்டில் நூலுக்குக் காப்புரிமை உண்டு. நாட்டுடைமையாக்கப்பட்டவை நீங்கலாக, அண்மைக் கால எழுத்தாளர்களின் நூல்களை எவரும் விருப்பம்போல் இணையத்தில் ஏற்றிவிட முடியாது. அவை அலமாரியில்தான் இருக்கின்றன. அந்த அலமாரிதான் பூட்டப்பட்டிருக்கிறது.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன், கணக்கு ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். வாசகர் தாமே அலமாரிகளுக்கிடையே உலவி நூலை எடுக்கவேண்டும் என்று வற்புறுத்தியவர். 1931இல் வெளியான அவருடைய ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. 'நாளைக்கு வாருங்கள்' என்பது எந்த விதி?

சரி, இணைய வாசகருக்காவது வசதி உண்டா? அவர் யார்? நகரப் பேருந்தில் கைப்பேசியோடு ஊர் திரும்பும் நம் மாணவிதான். வளாகத்தைத் தாண்டினால் ஆய்விதழ் திறப்பதில்லை. வெளியிலிருந்து நுழையக் கடவுச்சொல் வேண்டும் என்று அவளிடம் சொன்னவர் எவருமில்லை. சேர்க்கை நாளிலேயே அடையாள அட்டையோடு அதையும் கொடுத்தால் என்ன? நூற்பட்டியலைக் கைப்பேசியில் பார்க்கும்படி செய்து, எந்த அலமாரி என்றும் காட்டினால் என்ன? மாலையில் ஒரு நூலகர் ஐயம் தீர்க்க இருந்தால் என்ன? மேசைகளை வாங்கிப் போடுவதைவிட இவற்றுக்குச் செலவு குறைவு. (திறப்பு விழாவுக்குத்தான் வழியில்லை!)

அன்று நானும் சீட்டு எழுதிக் கொடுத்தேன். மறுநாள் எனக்கு இங்கே வகுப்பு இருந்தது. நூலை வாங்கப் போக முடியவில்லை.