கருவி செய்தவன் எடுபிடியா?

மாணவன் ஆய்வு செய்ய வந்தவன். ஆய்வுக்கூடத்துக்கு மென்பொருள் எழுதித் தருவது எடுபிடி வேலை. அதில் காலம் கழிப்பவன் பட்டத்தையும் இழப்பான், பெயரையும் இழப்பான் என்று சொல்வோர் பல்கலைக்கழகங்களில் மட்டுமல்லர், இவ்விதழைப் புரட்டும் பெற்றோரிடையேயும் உளர். இக்கூற்றை நாம் மறுக்கிறோம்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ளது வாஷிங்டன் பல்கலைக்கழகம். அங்கே டேவிட் பேக்கரின் ஆய்வுக்கூடம், புரதங்கள் எவ்வாறு மடிகின்றன என்பதை ஆராய்ந்துவந்தது. அமினோ அமிலங்கள் மணி கோத்தாற்போல் தொடர்ந்த இழையே புரதம். தனக்குரிய வடிவில் மடிந்தால்தான் அது உடலில் தன் பணியைச் செய்யும். மடியக்கூடிய வழிகளோ கணக்கிலடங்கா. 2005 முதல் பொதுமக்கள் தம் வீட்டுக் கணிப்பொறிகளின் ஓய்வு நேரத்தை அக்கூடத்துக்கு இரவல் தந்தனர். திரையில் புரதம் மடியும் காட்சி ஓடிற்று. கண்டோர் சிலர், இதைவிட நாங்களே திறம்பட மடிப்போமே என்றனர்.

அச்சொல்லை அலட்சியம் செய்யாது கருவியாக்கியவர்கள் கணிப்பொறித் துறையினர். அவர்களுள் முன்நின்றவர் சேத் கூப்பர் என்னும் முனைவர் பட்ட மாணவர். 2008இல் ‘ஃபோல்டிட்’ என்ற விளையாட்டு வெளிவந்தது. ஆய்வுக்கூடத்தின் ரொசெட்டா மென்பொருள் உள்ளிருந்து ஆற்றல் கணக்கைப் பார்த்துக்கொள்ளும். உயிர்வேதியியல் அறியாதவரும் இழையை இழுத்து, முறுக்கி, மடிக்கலாம். ஆற்றல் குறையக் குறைய மதிப்பெண் ஏறும். குரங்குகளைத் தாக்கும் வைரஸ் ஒன்றின் நொதி, பத்தாண்டுக்கும் மேலாக அறிஞர்களுக்குப் பிடிகொடாமல் இருந்தது. விளையாடியோர் மூன்றே வாரங்களில் அதன் அமைப்பைத் தெளிவதற்குப் போதிய மாதிரியைத் தந்தனர். 2011இல் அது வெளியாயிற்று.

எடுபிடி வேலை என்போர் இப்போது விடை கூறட்டும்: அக்கருவி இல்லையேல், அந்த விளையாட்டாளர் எதைக் கொண்டு மடித்திருப்பர்? பேக்கருக்கு 2024இல் நோபெல் பரிசு கிடைத்தது, தகும். அவர் பணிக்கு அடித்தளமான ரொசெட்டாவை 1990களிலிருந்து வரி வரியாக எழுதியவர்களில் மாணவரே மிகப்பலர். அவர்கள் பெயரை எத்தனை பேர் அறிவர்?

கூப்பரின் ஆய்வேட்டுக்குப் பெரிய விருது கிடைத்ததே என்பர். அவர் துறை கணிப்பொறியியல். கருவியே அங்கு ஆய்வாயிற்று. பெர்னாண்டோ பெரெஸைப் பாருங்கள். கொலராடோவில் இயற்பியல் மாணவராயிருந்த அவர், ஆய்வேடு காத்துக்கிடக்க, 2001இல் ஐபைத்தானை எழுதத் தொடங்கினார். பின்னர் ஜுபிட்டராக வளர்ந்த அதைக் கொண்டே ஈர்ப்பலை கண்ட லைகோ அறிஞர்கள் தம் தரவைப் பிறர் சரிபார்க்கத் தந்தனர். பெரெஸ் பெற்ற பட்டமோ துகள் இயற்பியலுக்கு, அக்கருவிக்கன்று.

பெயருக்காக மட்டும் நாம் வழக்காடவில்லை. மதிக்கப்படாத மென்பொருளைப் பேணுவார் இல்லை. எழுதியவன் பட்டம் பெற்று வெளியேறுகிறான். அடுத்து வருபவனுக்கு அது ஓடுவதில்லை. அதைக் கொண்டு பெற்ற முடிவை மறுமுறை சோதிக்கவும் இயலாது போகிறது. அரபுக் கையேடுகளைப் படியெடுத்தவர் தம் பெயரையும் முடித்த நாளையும் கடைசிப் பக்கத்தில் எழுதிவைப்பதுண்டு. பிழை கண்டால் யாருடைய படி என்று பார்க்க அது உதவும். (அவர்களையும் வெறும் எழுத்துக்கூலி என்றோர் இருந்திருப்பர்.)

மென்பொருளின் பெயர், அதன் பதிப்பு, எழுதியவர் ஆகிய மூன்றும் ஆய்வுக்கட்டுரையில் இடம்பெற வேண்டும். அவ்வுழைப்பு பட்டத்துக்கும் பதவிக்கும் கணக்கில் சேர வேண்டும். இது நடவாத காரியமன்று. 2010இல் நேச்சர் இதழில் ஃபோல்டிட் பற்றி வந்த கட்டுரையில், ஆசிரியர் வரிசையின் முதற்பெயர் மாணவர் கூப்பருடையது. கடைசியில் நின்றது ‘ஃபோல்டிட் விளையாட்டாளர்கள்’ என்பது.