ஜெர்மனியைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

"ஜெர்மனியில இருநூறுல போறான், ஒன்னும் ஆவல. இங்க நூத்திப் பத்தத் தாண்டுனா சம்மன்."

மலேசியாவில் எங்கள் பக்கம், பெஸ்தாரி ஜெயாவிலிருந்து தஞ்சோங் காராங் வரை எந்த மாமாக் கடையில் காடிப் பேச்சு எழுந்தாலும் இந்த வாக்கியம் வந்து விழாமல் பேச்சு முடிவதில்லை. சொல்கிறவர் பெரும்பாலும் ஜெர்மனியின் நெடுஞ்சாலையான ஆட்டோபானைப் படத்தில் மட்டுமே பார்த்தவர். பக்கத்தில் இருப்பவர் அடுத்ததைச் சொல்லுவார்: "வண்டி நல்லதா இருக்கணும்லா. மஸ்டாங் மாதிரி வெயிட்டான அமெரிக்கக் காடின்னா ரோட்டப் புடிச்சிக்கும். மைவியில போனாதான் பறக்கும்." எதிரே இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். மறுத்துப் பேச எவனுக்கும் தோன்றுவதில்லை.

வேகம் ஆளைக் கொல்லாது, மட்டமான வண்டியும் ஓட்டத் தெரியாதவனும்தான் கொல்கிறார்கள் என்பதே இந்தப் பேச்சின் சாரம். கேட்க நியாயமாக இருக்கும். வண்டிக்குக் கொட்டிய காசுக்கு ஒரு காரணமும் கிடைத்துவிடும். ஆனால் இதில் பாதி பொய், மீதி பாதி நமக்குப் பொருந்தாத உண்மை.

காரிலிருந்தே தொடங்குவோம். பால்மரம் சீவிய பாட்டியின் பேரன் மஸ்டாங் வாங்கினால் எனக்கும் பெருமைதான், அதைக் கேலி செய்ய நான் வரவில்லை. எங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் ஆங்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நடவு செய்தார். அந்தத் தோட்டம் பின்னாளில் சைம் டார்பியின் கைக்கு வந்தது. அதே குழுமத்தின் கார் நிறுவனம்தான் 2016-இல் மஸ்டாங்கை அதிகாரபூர்வமாக இங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது. செம்பனைக் குலை வெட்டியவரின் வீட்டுப் பிள்ளை அந்தக் கடையில் கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்குகிறான் என்றால் அதற்குப் பின்னால் ஒரு தலைமுறையின் உழைப்பு இருக்கிறது. என் சண்டை அவனோடு இல்லை. அந்த எஞ்சினைக் காட்டி அவன் சொல்லும் கணக்கோடுதான்.

அமெரிக்கக் காடிகள் எந்தச் சாலைக்காகப் பிறந்தவை? 1974 முதல் 1995 வரை அமெரிக்கா முழுமைக்கும் ஒரே வேக வரம்பு இருந்தது. முதலில் மணிக்கு 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர்தான். பின்னாளில் ஊர்ப்புற நெடுஞ்சாலைகளில் மட்டும் 65 மைல் வரை விட்டார்கள். 'மஸல் கார்' என்று நாம் வாய் நிறையச் சொல்லும் வண்டிகள் பேர் வாங்கியது கால் மைல் நேர்ப் பந்தயத்தில். விளக்கு மாறியதும் பாய வேண்டும், நானூறு மீட்டரில் கதை முடிந்துவிடும். வளைவுக்கும் மணிக்கணக்கான அதிவேக ஓட்டத்துக்கும் அங்கே வேலையே இல்லை. மஸ்டாங்குக்கு 2014 வரை பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே தண்டில்தான் கோத்திருந்தன. இடச் சக்கரம் குழியில் இறங்கினால் வலச் சக்கரமும் சேர்ந்து அசையும். தனித்தனியாக அசையும் அமைப்பு, ஒரு சில சிறப்பு ரகங்களை விட்டால், 2015-ஆம் ஆண்டு மாடலில்தான் வந்தது. அமெரிக்க வண்டிகள் பலவற்றில் மணிக்கு 180 கிலோமீட்டர் வாக்கில் மின்னணுக் கட்டுப்பாடு ஒன்றை நிறுவனமே வைத்துத்தான் விற்றது. எஞ்சினுக்குத் தெம்பு இல்லாமல் அல்ல, மாட்டிய டயருக்கு அதற்கு மேல் தெம்பு இல்லாததால்.

"வெயிட்டு இருக்கு, அடிபட்டாலும் தாங்கும்" என்பவர்களுக்கு ஒரு தகவல். 2017 ஜனவரியில் ஐரோப்பாவின் மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப் மஸ்டாங்குக்குக் கொடுத்தது ஐந்தில் இரண்டு நட்சத்திரம். முன்பக்க மோதலில் ஓட்டுநருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் காற்றுப்பை போதுமான அளவு விரியவில்லை. இன்னொரு சோதனையில் பின்னிருக்கையில் வைத்த பொம்மை பெல்ட்டுக்கு அடியில் நழுவிப்போனது. திருத்தம் செய்த பிறகு அதே ஆண்டு மூன்று நட்சத்திரம் ஆனது. காற்றுப்பை காலை வாரிய அந்தச் சோதனை நடந்த வேகம் மணிக்கு 64 கிலோமீட்டர். 180-இல் அந்த வண்டி சுமக்கும் மோதல் ஆற்றல் அதைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூட இயற்பியல்தான்.

இனி ஜெர்மனி. ஆட்டோபானில் பெரும்பகுதிக்கு நிரந்தர வேக வரம்பு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1978 முதல் பரிந்துரைக்கப்பட்ட வேகம் ஒன்று உண்டு: 130. அதைத் தாண்டினால் சம்மன் வராது. ஆனால் விபத்து நடந்தால், தவறு எதிராளியுடையதாக இருந்தாலும், 130-ஐத் தாண்டிப் போனவன் இழப்பில் ஒரு பங்கை ஏற்க நேரலாம். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1992-இலேயே சொல்லிவிட்டது. நம் ஆள் சொல்லும் ஜெர்மனியில் இந்தப் பகுதி மட்டும் எப்படியோ காணாமல் போய்விடுகிறது.

மற்றதையும் பாருங்கள். அங்கே லைசென்ஸ் எடுக்கிறவன் ஆட்டோபானிலேயே நான்கு பாடம் ஓட்டியாக வேண்டும், இரவு ஓட்டம் தனி. மேடு ஏற்றி, பார்க்கிங் போட்டு, மூன்று திருப்பில் வண்டியைத் திருப்பிக் காட்டி, ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து லைசென்ஸ் வாங்கிய நாம், மறுநாளே தனியாக டோல் சாவடியைத் தாண்டுகிறோம். அங்கே சொந்தக் காரும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்குப் போகிறது. பிரேக், அடிப்பாகம், டயர் எல்லாம் பார்க்கிறார்கள். இங்கே லோரிக்கும் பஸ்ஸுக்கும் புஸ்பாகோம் சோதனை உண்டு. சொந்தக் காடி கைமாறும்வரை பொதுவாக எவரும் அதன் அடியில் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே தவறான பக்கத்தில் முந்துவது குற்றம். முந்தி முடித்ததும் ஓரத் தடத்துக்குத் திரும்பியே ஆக வேண்டும். எண்ணெய் தீர்ந்து வழியில் நிற்பதுகூடக் குற்றம்தான், பார்த்துப் போட்டிருக்க வேண்டியது உன் கடமை என்கிறார்கள்.

"ஆனாலும் ஆட்டோபான்லதான் சாவு கம்மி" என்பார்கள். அவர்கள் கையில் இருக்கும் வலுவான வாதம் இதுதான், தட்டிக் கழிக்க முடியாது. ஜெர்மனியின் ஊர்ப்புறச் சாலைகளில் சாகிறவர்களைவிட ஆட்டோபானில் சாகிறவர்கள் மிகக் குறைவு. காரணம் என்ன? எதிரே வண்டி வராது, சந்திப்பு கிடையாது, நடந்து போகிறவர் கிடையாது. நம் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையும் இதே காரணத்தால்தான் ஐந்தாம் எண் சாலையைவிடப் பாதுகாப்பானது. நம் நெடுஞ்சாலையில் வரம்பு 110, அதை எடுக்காமலேதான் அந்தப் பாதுகாப்பு. வரம்பு போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஜெர்மனியிலேயே பதில் இருக்கிறது. பெர்லினையும் ஹாம்பர்க்கையும் இணைக்கும் ஏ24 சாலையில், பிராண்டன்பர்க் மாநிலத்துக்குள் ஏறத்தாழ 60 கிலோமீட்டருக்கு 2000-களின் தொடக்கத்தில் 130 வரம்பு போட்டார்கள். சாலை அதேதான், காடிகளும் அதே காடிகள்தான். விபத்துகள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தன.

டயரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் 'நல்ல வண்டி' என்ற நம்பிக்கை கிழிவது அங்கேதான். எங்கள் பக்கத்து டயர் கடை ஒன்றில் ஒருநாள் என் முறைக்காகக் காத்திருந்தபோது, ஜாக்கியில் ஏற்றி நின்றது ஒரு சிவப்பு மஸ்டாங். பின் டயர் இரண்டையும் கழற்றிக் கீழே போட்டிருந்தார்கள். முன்னால் மாட்டியிருந்த டயரின் பக்கவாட்டில் அளவு எண்களுக்குப் பின்னே 'ஒய்' என்று எழுத்து. 300 கிலோமீட்டர் வரை தாங்கும் என்று பொருள். பின்னால் மாட்ட எடுத்து வைத்திருந்தது செகண்ட் ஹேண்ட் டயர், எழுத்து 'வி', 240 வரைதான். நான்கு இலக்கத் தேதி 2317 என்றது, 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பக்கவாட்டு ரப்பரில் நகத்தால் கீறினாற்போல வெடிப்பு ஓடியிருந்தது.

"பூ இன்னும் நிறைய இருக்குண்ணே, ஒரு வருசம் ஓடும்" என்றார் கடைத் தம்பி. உரிமையாளர் சரி என்றார். தள்ளிச் சுமக்கிற பின் சக்கரத்துக்குப் பழைய டயர், முன்னால் புதுசு. மழையில் வண்டியின் பின்பகுதி முதலில் வழுக்கித் திரும்ப இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. ஆறு லட்சம் வெள்ளி வண்டியாகவே இருக்கட்டும், அது தரையைத் தொடும் இடம் நான்கு உள்ளங்கை அளவு ரப்பர்தான். ஆட்டோபானை உதாரணம் காட்டுகிறவர்கள் இந்த உள்ளங்கைகளைக் குனிந்து பார்த்து நான் கண்டதில்லை.

மழை என்றதும் இன்னொன்று. விமானச் சக்கரங்களுக்காக நாசா ஆய்வாளர்கள் வகுத்த ஒரு கணக்கு உண்டு. தண்ணீர் கட்டி நிற்கும் தரையில் டயர் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பதை அதன் காற்றழுத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். காரில் நாம் அடிக்கும் 36 பி.எஸ்.ஐ.-க்கு அது மணிக்கு 100 கிலோமீட்டர் அளவில் வருகிறது. பூ ஆழமாக இருந்தால் தண்ணீரைப் பிதுக்கி வெளியே தள்ளும், கொஞ்சம் தப்பிக்கலாம். டயர் அகலமாக, பூ தேய்ந்ததாக இருந்தால் நிலைமை மோசமாகும். மாலை நான்கு மணிக்கு ஈஜோக் பக்கம் கொட்டும் மழையைப் பார்த்தவர்களுக்கு நான் வேறு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

இப்போது நம் சாலைக்கு வருவோம். அசாம் ஜாவாவையும் தெம்ப்ளர் பார்க்கையும் இணைக்கும் லாத்தார் நெடுஞ்சாலை 2011-இல் திறந்தது, நீளம் 33 கிலோமீட்டர். இரவில் காலியாகக் கிடக்கும் அந்த நேர்ச் சாலைதான் இவர்களின் ஆட்டோபான். அங்கிருந்து இறங்கினால் ஐந்தாம் எண் சாலை, ஐம்பத்து நான்காம் எண் சாலை, தோட்டத்துக்குள் போகும் குறுக்குச் சாலைகள். கடலோரக் களிமண்ணும் சதுப்பும் எங்கள் மண். பாலத்தின் இரு முனையிலும் சாலை அமுங்கி, வண்டி ஒரு குதி குதித்துத்தான் ஏறும். குலை ஏற்றிய லோரி வளைவில் சிந்திவிட்டுப் போன உதிரிப் பழம் நசுங்கி எண்ணெயாகக் கிடக்கும். செம்பனைக் காட்டில் மேயவிட்ட மாடு இருட்டில் கறுப்பாக நிற்கும். ராஜா மூசா காட்டுச் சதுப்பு மண்ணில் தீப்பிடித்த மாதங்களில் காலைப் புகையில் முன்னால் போகும் வண்டியே தெரியாது.

இத்தனைக்கும் நடுவில் போகிறது ஒரு காப்சாய் மோட்டார். பூஞ்சாக் ஆலாம், சுங்கை பூலோ, ரவாங் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு முதல் ஷிப்ட்டுக்குப் போகும் பையன், பின்னால் அவன் தங்கச்சி. மோட்டாருக்கு டோல் கிடையாது, நெடுஞ்சாலையிலும் தாராளமாக வரலாம். மணிக்கு 70-இல் போகிறான் என்று வையுங்கள். அவன் பின்விளக்கு உங்களுக்கு 150 மீட்டரில் பிடிபடுகிறது. நீங்கள் 110-இல் வந்தால் அவனை எட்ட 13 விநாடி இருக்கிறது. 180-இல் வந்தால் ஐந்து விநாடிகூட முழுசாக இல்லை. இருட்டில் ஒற்றைச் சிவப்புப் புள்ளி எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்பதை மனிதக் கண்ணால் சரியாகக் கணிக்க முடியாது. ஓட்டத் தெரிந்தவன், தெரியாதவன் என்ற பேதம் இதில் இல்லை.

பிரேக் கணக்கும் அப்படித்தான். காய்ந்த சாலை, நல்ல டயர், சுதாரிக்க ஒரு விநாடி என்றே வைத்துக்கொண்டாலும் 110-இல் வந்த கார் ஏறத்தாழ 90 மீட்டரில் நின்றுவிடும். அதே இடத்தில் 180-இல் வந்த காரின் முள் இன்னும் 155 வாக்கில் இருக்கும். எத்தனை பிஸ்டன் பிரேக் போட்டிருந்தாலும் கடைசியில் பிடிக்க வேண்டியது அந்த உள்ளங்கை ரப்பர்தான்.

2019-இல் மலேசியச் சாலைகளில் இறந்தவர்கள் 6,167 பேர். ஆண்டுதோறும் இந்தக் கணக்கில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். காற்றுப்பையும் எட்டு சிலிண்டரும் வைத்திருப்பவன் தன் பாதுகாப்பைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருப்பதுதான் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. "எனக்கு ஒன்னும் ஆவாது" என்கிறான். ஆகாமலே போகலாம். அவன் முன்னால் போகிற இரண்டு பேருக்கு என்ன ஆகும் என்பது அவன் கணக்கில் வருவதே இல்லை.

அரசாங்கமும் இந்த மனப்போக்குக்குத் துணைபோயிருக்கிறது. முன்னூறு வெள்ளிச் சம்மனைக் கட்டாமல் வைத்திருந்தால் என்றாவது பாதி விலைக்கு வரும் என்று பல ஆண்டுகளாக நமக்குப் பழக்கிவிட்டார்கள். பண்டிகைத் தள்ளுபடி போல வரிசையில் நின்று கட்டிவிட்டு, வேக வரம்பு என்பதே வசூலுக்குப் போட்ட தூண்டில் என்று பேசிக்கொண்டே வீட்டுக்கு வந்தோம்.

வேகம் வேண்டும் என்கிறவனுக்கு இடம் இல்லாமல் இல்லை. செப்பாங் பந்தயத் தடம் 1999 முதல் இருக்கிறது. கட்டணம் கட்டினால் சொந்தக் காடியை ஓட்டிப் பார்க்கத் தனி நாட்கள் விடுகிறார்கள். ஹெல்மட் வேண்டும், எல்லாரும் ஒரே திசையில்தான் போக வேண்டும், தடத்தில் மாடும் வராது, காப்சாயும் வராது. மாமாக் கடை மேசையில் ஒருமுறை இதைச் சொன்னேன். மஸ்டாங் வைத்திருக்கும் தம்பி உடனே கையை விரித்தார்.

"அங்க வேணாண்ணே. நாலு ரவுண்டுலயே பிரேக் சூடேறிப் புடிக்காது, ஒரே நாள்ல டயரு முடிஞ்சிரும்."