மனத்திடமும் மாடிப்படியும்

கடும் நோயினால் உடல் தளர்ந்த பெண்ணொருவர் மீண்டும் தொழிலுக்குத் திரும்பினால் அவருடைய மனத்திடத்தைப் போற்றுவது நமது வழக்கம். திரும்பாதுவிடின், “உயிர் பிழைத்ததே பெரிது, இனி உத்தியோகம் எதற்கு?” என ஆறுதல் கூறுவதும் நமது வழக்கமே. முரண்பட்டன போலத் தோன்றும் இவ்விரண்டும் ஒரே பிழையான எண்ணத்திலிருந்து பிறந்தவை. தொழிலைத் தொடர்வது அப்பெண்ணின் சொந்தப் பாடு, அதில் நிறுவனத்துக்குப் பொறுப்பேதும் இல்லை என்பதே அவ்வெண்ணம். அதனை மறுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மனத்திடத்துக்கு எடுத்துக்காட்டாகக் கூறத்தக்கவர் கனடா நாட்டு விமானப் பொறியியலாளர் எல்சி மக்கில் (1905–1980). 1929 இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டத்தின் இறுதிப் பரீட்சையை அவர் எதிர்நோக்கியிருந்த வேளையில் இளம்பிள்ளைவாதம் தாக்கியது. இனி நடப்பது அரிது என்றனர் வைத்தியர். அவரோ ஊன்றுகோல்களின் துணையுடன் நடக்கப் பழகினார். 1938 இல் கனேடியன் கார் அன்ட் பவுண்ட்ரி நிறுவனத்தின் தலைமை விமானப் பொறியியலாளரானார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அங்கு 1,400 க்கும் மேற்பட்ட ஹரிக்கேன் விமானங்கள் உருவாயின. 1942 ஏப்ரல் 5 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, இரத்மலானையிலிருந்தும் குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும் எதிர்த்தெழுந்தவற்றுள் ஹரிக்கேன் வகை விமானங்களே முதன்மையானவை. ஆகவே இது நமக்கு முற்றிலும் அந்நியமான வரலாறன்று.

ஆயின், இதனை மனத்திடத்தின் வெற்றி என்று மட்டும் கூறி முடிப்போர் பாதி உண்மையையே கூறுகின்றனர். அவர் இறுதிப் பரீட்சையை வைத்தியசாலைப் படுக்கையிலிருந்தே எழுத முடிந்தது. நீதிபதியாயிருந்த தாயின் இல்லம், உடல் தேறும்வரை அவரைத் தாங்கியது. அக்காலத்தில் விமானவியல் பற்றிச் சஞ்சிகைகளுக்கு எழுதித் துறையோடு தொடர்பறாது இருந்தார். ஊன்றுகோலைக் கண்டு அஞ்சாத நிறுவனங்கள் அவருக்குப் பதவி அளித்தன. மனத்திடம் அவருடையது, அது பயன்படுவதற்கான வழியைப் பிறரும் அமைத்தனர்.

நமது நிலை யாது? இலங்கையின் முதற் பெண் பொறியியலாளராகக் கொள்ளப்படும் பிரேமளா சிவசேகரம் 1960களில் திறந்த கதவினூடே பின்னர் பலர் நுழைந்துள்ளனர். மகள் பொறியியற் பீடம் புகுந்தால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பெருமைப்படாத குடும்பம் இல்லை. அதே மகளைப் பக்கவாதமோ புற்றுநோயோ தாக்கினால், மின்தூக்கி இல்லாத கந்தோரின் மூன்றாம் மாடி அவருடைய பட்டத்தை ஒரே நாளில் செல்லாததாக்கிவிடுகிறது.

“பொறியியல் என்பது சாரத்தில் ஏறி இறங்கும் வேலையன்றோ?” எனச் சிலர் வினவுவர். கணிப்பும் வரைபடமும் பரிசோதனை அறிக்கைகளை ஆராய்தலும் மேசையருகே நிகழ்வன அல்லவா? தளத்துப் பணியைச் சக ஊழியருடன் பகிர்ந்துகொள்ளலாம். ஆண் பொறியியலாளர் முதுமையுற்றுச் சாரம் ஏறாதபோது அவரை ஆலோசகர் என அழைத்து மதிக்கிறோம். நோயுற்ற பெண்ணுக்கு மட்டும் அந்த மேசை ஏன் மறுக்கப்படுகிறது?

சட்டம் இல்லையென்றும் கூறமுடியாது. வலுவிழந்தோர் உரிமைகளைக் காக்கும் சட்டம் 1996 இல் நிறைவேறியது. கட்டடங்களை அணுகுவதற்கான ஒழுங்குவிதிகள் 2006 இல் வெளியாயின. புதிய பொதுக் கட்டடங்கள் அவ்விதிகளுக்கு அமையவேண்டுமென உயர் நீதிமன்றம் 2011 இல் பணித்தது. வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்றுறுதி செய்தது. இவ்விதிகளை வாசித்து வரைபடமாக்க வேண்டியவர்கள் பொறியியலாளரே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. தம் சகோதரத் தொழிலாளியை வெளியே நிறுத்தும் படிக்கட்டை வரைபவரும் அவர்களே.

வளை ஒன்று சுமை தாங்காது வளைந்தால், அதற்கு உறுதி போதவில்லையெனப் பழித்து எந்தப் பொறியியலாளரும் அகன்றுவிடுவதில்லை. சுமையைக் கணித்துத் தூண் நிறுத்துகிறார். மனிதர் விடயத்தில் மட்டும் தூணை மறுத்து உறுதியைப் புகழ்வது அறிவுடைமையாகாது. சிகிச்சைக்குப் பின் பகுதிநேரமாகத் திரும்பும் உரிமை, ஏறத்தக்க கட்டடம், பகிர்ந்தளிக்கப்பட்ட பணி ஆகியவை சலுகைகளல்ல. நீதியின் குறைந்தபட்ச அளவே. நாளை கந்தோர்களின் தலைமையை ஏற்கவிருக்கும் மாணவர்கள், பாராட்டு விழாவுக்கு மேடை அமைக்குமுன் அம்மேடைக்கு ஒரு சாய்தளம் அமைப்பார்களாக.