கூட யோசிக்கிற வருத்தம்

எங்கட ஆக்களிடம் மனவருத்தத்துக்கு ஒரேயொரு மருந்துதான் இருக்கிறது: "கூட யோசிக்காதை." சிம்பாப்வேயில் ஷோனா மொழி பேசுகிறவர்கள் அந்த வருத்தத்துக்கே அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். 'குஃபுங்கிசிசா'. கூட யோசிக்கிறது என்று அர்த்தம். இங்கே லண்டனில் என்னோடு கோப்பை கழுவுகிற சிம்பாப்வே அக்கா ஒருவர்தான் சொல்லித்தந்தார்.

ஆனால் அவர்கள் யோசிக்காதை என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. டிக்சன் சிபாண்டா என்கிற மனநல மருத்துவர் 2006இல் ஹராரேயில் அம்மம்மாமாரைப் பயிற்றி, கிளினிக் வளவுக்குள் ஒரு வாங்கைப் போட்டு, சனத்தோடு இருந்து கதைக்க வைத்தார். நல்ல வேலை. எண்டாலும் பிறக்கும்போதே எச்.ஐ.வி.யோடு பிறந்த பதினைந்து வயதுப் பெட்டை, தனக்கு ஒரு பெடியனைப் பிடித்திருக்கிறது, அவனுக்கு இதை எப்படிச் சொல்கிறது என்று அம்மம்மாவிடம் கேட்பாளா? என் அம்மம்மாவிடம் நான் கேட்டிருக்க மாட்டேன்.

அந்தப் பிள்ளைகளுக்கென்று 2004இல் அதே ஹராரேயில் தொடங்கியதுதான் 'ஸ்வன்டிரி'. நான் இருக்கிறபடியே என்று பொருள். எச்.ஐ.வி.யோடு வாழ்கிற 18 முதல் 24 வயதுக்காரர்கள், தங்களைவிட இளையவர்களை வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறார்கள், குளிசை போட்டாயா என்று கேட்கிறார்கள், கதைக்கிறார்கள். பிந்துரா, ஷாம்வா மாவட்டங்களில் செய்த ஆய்வொன்று 2020இல் வெளிவந்தது. இந்தத் துணை கிடைக்காத பிள்ளைகளில் இரண்டு வருடத்துக்குள் கிருமி கட்டுப்படாமல் போனவர்களும் இறந்தவர்களும் 100க்கு 36 பேர். கிடைத்தவர்களில் 25. குளிசை இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

அதற்குப் பிறகு வந்ததுதான் எனக்கு முக்கியம். மனச்சோர்வின் அறிகுறி இருந்த 842 பிள்ளைகளை வைத்து சிம்பாப்வேயில் இன்னொரு ஆய்வு; 2022இல் வெளியானது. எல்லாருக்கும் துணைக்கு ஆள் இருந்தது. ஒரு பகுதியினரின் துணையாட்களுக்கு மட்டும், பிரச்சினையைப் பிரித்துக் கதைப்பது எப்படியென்று மேலதிக பயிற்சி கொடுத்தார்கள். கிருமியில் பெரிய வித்தியாசம் வரவில்லை. ஆனால் 48 கிழமை முடிய, வழமையான துணை கிடைத்தவர்களில் 100க்கு 10 பேரளவில் இன்னும் மனச்சோர்வில் இருந்தார்கள். மற்றப் பக்கம் 2, 3 பேர்தான்.

ஆக, தானும் அதே வருத்தக்காரன் என்பது கதவைத் திறக்கும். உள்ளே போனபிறகு தொழில் தெரியவேண்டும். தொழில் என்றால் பயிற்சி வேண்டும், மேலே ஒரு தாதியோ ஆலோசகரோ வேண்டும், சம்பளம் வேண்டும். நான் பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டவன், எனக்கே விளங்குகிற கணக்கு இது. காசு கொடுக்கிறவர்களுக்கு மட்டும் விளங்குவதில்லை. அவர்களுக்குத் 'தொண்டர்' என்ற சொல்லில் அவ்வளவு விருப்பம். உணவகங்களிலும் இப்படித்தான், கூலியில்லாமல் இன்னும் இரண்டு மணித்தியாலம் நிற்கச் சொல்லும்போதுதான் நாங்களெல்லாம் ஒரு குடும்பம் என்று முதலாளிக்கு ஞாபகம் வரும்.

இருபது வயதுப் பிள்ளை, சாகப்போகிறேன் என்கிற பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கதையைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தன் குளிசையைப் போடுகிறது. அது யாரிடம் போய்க் கதைக்கிறது?

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது ஆபிரிக்காவின் எச்.ஐ.வி. வேலைத்திட்டங்கள் பல ஆடிப்போயின. பிறகு குளிசைக்கு வழி வேண்டும் என்று எல்லாரும் கத்தினார்கள், கத்தத்தான் வேண்டும். கதைக்கிற ஆளுக்காகக் கத்தினவர்கள் குறைவு.

எங்கட பிள்ளைகளிலும் இந்த வருத்தத்தோடு இருக்கிறவர்கள் இருப்பார்கள். ஆனால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வந்தால் கதை கோயில் மட்டும் போய்விடும் என்ற பயத்தில் வாயே திறக்க மாட்டார்கள். அப்படியொரு பிள்ளைக்குத் தமிழ் ஆள்தான் தேட வேண்டும் என்றில்லை. அதே குளிசை போடுகிற, அதே வயதுச் சிம்பாப்வேப் பெடியன் ஒருத்தன் பக்கத்தில் இருந்தாலே காணும். அவனுக்கு பஸ் காசையாவது ஒழுங்காகக் கொடுங்கள்.